மக்கள் வேடத்துக்கு ஆள் தேவை

ரஷ்யப் புரட்சியை மேடையேற்ற வேண்டுமானால் ஜார் மன்னன் வேண்டும், ராணி வேண்டும், தளபதிகள் வேண்டும், புரட்சித் தலைவர் வேண்டும். இத்தனைக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஆள் இருந்தது. ஒரு வேடத்துக்கு மூன்று பேர் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். மக்களாக நடிக்கத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

2001ஆம் ஆண்டு சித்திரை விழாவுக்கு நாடகம் போடுவதென்று முடிவெடுத்த கூட்டம் கலிபோர்னியாவின் சான் ரமோனில் எங்கள் வீட்டு ஹாலில்தான் நடந்தது. கதை, வசனம், இயக்கம் என் கணவர் மயில்சாமி. தலைவர் வேடமும் அவருக்கே. அமெரிக்கா வந்த பிறகு அவர் மைக் சாமி ஆகிவிட்டார். பிசினஸ் பார்க்கில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, ஊரிலிருந்து சாஃப்ட்வேர் படித்தவர்களை எச்-ஒன் விசாவில் வரவழைத்து, மற்ற கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் தொழில். கோயமுத்தூரில் அதே ஆள் மாணவர் சங்கத்துத் தோழர். கூலி உழைப்பு என்ற சொல்லை வாயில் போட்டு மென்றுகொண்டே திரிந்தவர். இரண்டு பேரையும் கூடவே இருந்து பார்த்ததால்தான் இரண்டும் ஒருவரே என்று நான் நம்புகிறேன்.

சங்கத் தலைவர் கோபாலசாமி ஜார் வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிளசன்டனில் ஒரு பெரிய கம்பெனியில் டைரக்டர் அவர். ஜாருக்கு ராணி வேறு யாராக இருக்க முடியும், அவர் மனைவி ராஜலக்ஷ்மிதான். வேடம் கைக்கு வந்ததும் கோபாலசாமிக்கு ஒரு கவலை வந்தது.

"மயில், ஜார் குடும்பத்த சுடற சீன் வேண்டாமே. வருஷப் பிறப்பு ஃபங்ஷன்ல நல்லா இருக்காது. குழந்தைங்கல்லாம் பாப்பாங்க."

ஜாரை உயிரோடு விட்டுவிட்டார்கள். அடுத்து, தலைவரின் பெயரை மேடையில் சொல்லக் கூடாது என்று ஒருவர் ஆரம்பித்தார். பாதிப் பேருக்கு இன்னும் சிட்டிசன்ஷிப் ஆகவில்லையாம், எதற்கு வம்பு என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆகவே தலைவர் வெறும் தலைவர் ஆனார். குறுந்தாடியையும் தொப்பியையும் பார்த்து ஜனங்கள் புரிந்துகொள்ள வேண்டியது. இதில் என் கணவருக்கு எந்த வருத்தமும் இல்லை. கிரீன் கார்டு வாங்கும்போது, கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது இருந்தீர்களா என்ற கேள்விக்கு இல்லை என்று கொஞ்சமும் கூசாமல் குறித்தவர் அவர். பேனா எடுத்துக் கொடுத்தவள் நான்.

"ஊர்வலம் போற தொழிலாளிங்க யாரு?" என்று கேட்டேன். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

எல்லாரும் கப்பைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் மெதுவாக, "டயலாக் இருக்கா?" என்று கேட்டார்.

"கோஷம் இருக்கு," என்றார் என் கணவர்.

"கோஷம்னா கூட்டத்தோட போயிடும் மயில். ஃபேமிலிய கூட்டிட்டு வரோம், நான் எங்க நிக்கறேன்னு கூட அவங்களுக்குத் தெரியாது. அதுக்கு வீக்கெண்ட் பூரா ரிஹர்சல் வேற."

உலகத்துத் தொழிலாளர்களே என்று ஆரம்பிக்கிற நாடகத்துக்கு ஒரு தொழிலாளி அகப்படவில்லை. கணவர் கொஞ்சமும் அசரவில்லை. "மக்கள நான் கொண்டு வரேன். அத விடுங்க," என்றார்.

அவரிடம் மக்கள் கைவசம் இருந்தார்கள். டாட் காம் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைக் கவ்விக்கொண்டிருந்த வசந்த காலம் அது. பிராஜெக்ட் முடிந்து திரும்பி வந்தவர்களுக்கு அடுத்த பிராஜெக்ட் இல்லை. அப்படி உட்கார்ந்திருப்பதற்கு பெஞ்ச் என்று பெயர். மில்பிடாஸில் ஓர் அபார்ட்மெண்டில் அவருடைய பெஞ்ச் மொத்தமும் பாய் விரித்துப் படுத்திருந்தது. பாதிச் சம்பளம், முழு நேரக் கவலை. அவர்களிடம் போய் நாடகத்தில் நடிக்க வாருங்கள் என்றால் மாட்டேன் என்று சொல்லவா போகிறார்கள்?

அவர்கள் யாரும் அவரை சார் என்று கூப்பிடக் கூடாது. தோழர் என்றுதான் கூப்பிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அதைச் சொல்லிவிடுவார். அமெரிக்காவில் முதலாளியைத் தோழர் என்று கூப்பிடக் கிடைத்த சந்தோஷத்தில் அந்தப் பிள்ளைகள் மற்றதை எல்லாம் மறந்துவிடுவார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நம் ஊரில் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் ஓநாய் தோழர் என்று சொல்லிக்கொண்டு வந்தால் எங்கள் ஊர் ஆடுகளுக்கு அடையாளம் தெரிவதில்லை.

எங்கள் வீட்டு கராஜில் ஒத்திகை நடந்தது. எனக்குச் சாப்பாட்டு வேலை. அதோடு நாடகத்தன்று விளக்குகளையும் நான்தான் போட்டு அணைக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. மேடைக்கு வர மாட்டேன் என்று நான் சொன்னதற்குத் தண்டனை அது.

எனக்கு இந்த நாடகம் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. என் அப்பா கிட்டுசாமி சிங்காநல்லூரில் மில் தொழிலாளி. வேலைநிறுத்தத்தில் சிறைக்குப் போய் வந்தவர். மாஸ்கோவில் அச்சான மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்தவர். மயில்சாமி உடுமலைப் பக்கம் தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் ரெண்டு வேளை சாப்பிட்டுவிட்டு, தான் வர்க்கம் மாறிவிட்டதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். எங்களுக்குக் கட்சிக் கல்யாணம். ஐயர் இல்லை, தாலி இல்லை, மாவட்டச் செயலாளர் மாலை எடுத்துக் கொடுத்தார். கட்சிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை என்ன உறுதிமொழி எடுத்தாலும் நம்பிவிடுவார்கள். நானும் நம்பினேன்.

இங்கே பகலெல்லாம் வீட்டில் சும்மா இருக்கிறவளுக்கு நூலகம்தான் கதி. சான் ரமோன் நூலகத்தில் ரஷ்ய வரலாறு ஓர் அலமாரி நிறைய இருந்தது. அதில் ஒரு சம்பவம் என் மனதை விட்டுப் போகவே இல்லை. புரட்சிக்குப் பிறகு அந்த நாட்டில் அரசியல் நிர்ணய சபைக்கு ஒரு தேர்தல் நடந்தது. குடியானவர்கள் பனியில் நடந்து போய் ஓட்டுப் போட்டார்கள். புரட்சிக் கட்சி தோற்றுப்போனது. சபை ஒரே ஒரு முறை கூடியது. விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் வாசல் காவலுக்கு நின்ற மாலுமி ஒருவன் வந்து, கூடத்தைக் காலி செய்யுங்கள், காவலர்களுக்குக் களைப்பாக இருக்கிறது என்றான். எல்லாரும் எழுந்து போனார்கள். மறுநாள் வந்து பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. அந்த நாட்டு ஜனங்களின் ஓட்டு அந்தப் பூட்டோடு முடிந்தது.

"அந்த சீன போடுங்க. அதுதான் நாடகம்," என்று கணவரிடம் சொன்னேன். அவரும் எழுதிப் பார்த்திருக்கிறார். பிறகு வெட்டிவிட்டார்.

"ஆடியன்ஸுக்கு கன்ஃப்யூஸ் ஆகும் நாகு. புரட்சி ஜெயிச்சிருச்சுன்னு முடிக்கணும். அப்பதான் கை தட்டுவாங்க."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

குல்லாய் வாங்க சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனோம். அங்கே ஒரு தெருவில் ரஷ்யர்களின் கடைகள் வரிசையாக உண்டு. என்னைக் காரில் கூட்டிப்போனவன் பெஞ்சில் இருந்த இனியன். தாராபுரத்துக்காரன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். நாடகத்தில் முதன்முதலாகச் செங்கொடியைத் தூக்கும் தொழிலாளி அவன்தான். கடைக்காரி அறுபது வயதுக்கு மேற்பட்ட தடித்த பெண்மணி. இத்தனை குல்லாய் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். புரட்சி நாடகம் என்று இனியன் பெருமையாகச் சொன்னான்.

"உங்கள் நாடகத்தில் யார் ஜெயிக்கிறார்கள்?"

"மக்கள்," என்றான் இனியன்.

அவள் குல்லாய்களைப் பையில் போட்டு நீட்டினாள். "வாங்கியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம்," என்றாள்.

திரும்பும் வழியில் பாலத்தின் மேல் டிராஃபிக்கில் நின்றபோது இனியன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"அக்கா, ஒன்னு சொல்லட்டுங்களா? ஆஸ்டின்ல ஒரு கம்பெனில ஆஃபர் வந்திருக்குதுங்க. இன்டர்வியூ போன்லயே முடிஞ்சுது. வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள எஸ்ஸா நோவான்னு சொல்லோணும். எஸ்னா திங்கக்கெழம ஜாயின் பண்ணோணும்."

"சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?"

"தோழர்கிட்ட கேட்டனுங்க. வேண்டாம்னுட்டாரு. விழா முடிஞ்சதும் பெரிய பிராஜெக்ட் வருதாமுங்க. கிரீன் கார்டு ஃபைல் பண்றேன்னும் சொன்னாரு. வான்மதிக்கு மே மாசம் விசா இன்டர்வியூ இருக்குதுங்க. இந்த நேரத்துல வேல மாறுனா கொழப்பமாயிரும்னாரு."

வான்மதி அவன் மனைவி. கல்யாணமாகி ஒரு மாதம்கூட இருவரும் சேர்ந்து இருக்கவில்லை. அவன் லீவு முடிந்து விமானம் ஏறியவன்தான். அவள் தாராபுரத்தில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, சென்னையில் நடக்கப்போகும் இன்டர்வியூவுக்கு ஆங்கிலம் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இங்கே வேலை இருந்தால்தான் அவளுக்கு விசா. வேலையில் இருக்கும்போதே வேறு கம்பெனிக்கு மாறினால் விசாவும் கூடவே மாறும். வேலை போன பிறகு மாற முடியாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அப்போது எனக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. மதியம் கணவர் மாடியறையில் கதவைத் திறந்து வைத்தபடியே ஆபீஸ் கணக்காளரோடு ஸ்பீக்கர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தேன். வீட்டில் நான் இருப்பது அவர் எண்ணத்துக்கு வருவது அபூர்வம்.

"பெஞ்ச்ல இருக்கற பசங்கள ஃபங்ஷன் வரைக்கும் வச்சுக்க," என்றார். "திங்கக்கிழம காலைல எல்லாருக்கும் டெர்மினேஷன் குடுத்துடு. பிராஜெக்ட் ஒன்னும் வரப் போறதில்ல. முன்னாடியே சொன்னா ஒருத்தனும் ரிஹர்சலுக்கு வர மாட்டான்."

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"அந்தப் பசங்களுக்கு இன்னைக்கே சொல்லுங்க. வேல கையில இருக்கும்போதே வேற எடம் பாத்துக்குவாங்க."

"அப்ப நாடகம்?"

"நாடகம் கெடக்குது. அந்த இனியனுக்கு ஆஃபர் இருக்குது. நீங்கதான் போக வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்குப் பாடம் எடுக்கப்போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். "நாகு, உனக்கு வரலாற்றுப் பார்வையே கெடையாது. இந்த பே ஏரியாவுல முதல் தடவையா இப்படி ஒரு நாடகம் நடக்கப் போகுது. ஒரு பெரிய விஷயம் நடக்கும்போது தனி மனுஷங்க கொஞ்சம் சிரமப்படத்தான் வேணும். மாறுகிற காலத்துல அது தவிர்க்க முடியாதது."

"அந்தச் சிரமத்த நீங்க படுங்களேன்."

"நான்தான் தலைவரா நடிக்கறேனே," என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. கோபம் வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபம் வருவதற்கு ஆளிடம் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். இவரிடம் குறுந்தாடிதான் மிச்சம் இருந்தது, அதுவும் ஒட்டுத் தாடி.

அன்று சாயங்காலம் ஒத்திகை இடைவேளையில் இனியனைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் கேட்டது முழுவதையும் வார்த்தை மாறாமல் சொன்னேன். அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"தோழர் அப்படிப்பட்ட ஆளில்லீங்க்கா. நீங்க வேற யாரையோ பத்திப் பேசுனதக் கேட்டிருப்பீங்க."

"பெஞ்ச்ல இருக்கறவங்க நீங்க மட்டும்தான இனியா?"

"எங்கப்பாவுக்கு ஒடம்பு முடியாதப்ப டிக்கெட் போட்டுக் குடுத்தாருங்க்கா."

அந்த டிக்கெட் அவன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது என்று அவனுக்கே தெரியும். தெரிந்தும் சொல்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றுகிறவர்களைவிட இப்படி ஏமாற மடியில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. வான்மதியை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"சரி, என்னை நம்ப வேண்டாம். வான்மதி இன்டர்வியூவுக்கு நீ இங்க வேலைல இருக்கறேன்னு கம்பெனி லெட்டர் வேணுமில்ல? இப்பவே போய்க் கேளு. எல்லார் முன்னாலயும் கேளு."

கராஜுக்குத் திரும்பியதும் அவன் கேட்டான். நான் கதவோரம் நின்று பார்த்தேன். கணவர் அவன் தோளில் கையைப் போட்டார்.

"விழா முடியட்டும் தோழர். லெட்டர் என்ன, கிரீன் கார்டே வந்துடும்."

"ரெண்டு வரிதானுங்க தோழர். மே மாசம் வரைக்கும் வேலைல இருப்பேன்னு மட்டும். அங்க சென்னைல அதத்தான் மொதல்ல கேப்பாங்களாம்."

"அதான் சொல்றேனே, ஃபங்ஷன் முடியட்டும்."

"நாளைக்காச்சும் ஆபீஸ்ல வாங்கிக்கட்டுங்களா?"

கணவர் தோளிலிருந்து கையை எடுத்தார். மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா, ஜாரோட குளிர்கால அரண்மனைய பிடிக்கப் போற நேரத்துல இவரு லெட்டர் கேக்கறாரு," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இனியன் சிரிக்கவில்லை. குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் ஒரு தடவை பார்த்தான். நான் சொல்ல வேண்டியது அவன் முகத்திலேயே வந்துவிட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை அவன் ஆஸ்டினுக்கு சரி என்று சொல்லிவிட்டான். தன்னோடு பாயில் படுத்திருந்த மற்றவர்களுக்கும் விஷயத்தைச் சொன்னான். ஒருவனுக்கு டாலஸில் மாமா இருந்தார், இன்னொருவனுக்கு நியூ ஜெர்சியில் கூடப் படித்தவன். எல்லாரும் வாடகைக்கு ஒரு வேன் எடுத்தார்கள். கிளம்பும் முன் இனியன் என் சாம்பார்ப் போசியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தான். கணவர் அப்போது கோபாலசாமி வீட்டில் ஜாரின் உடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"விசா மாத்தறதுக்கு அவங்க இன்னைக்குத்தான் ஃபைல் பண்றாங்களாமுங்க. அங்க போயி லெட்டர் வாங்கி வான்மதிக்கு அனுப்பிச்சுருவேன்." குல்லாயை என் கையில் கொடுத்தான். "ஏனுங்க்கா, தோழர் கோவிச்சுக்குவாருங்களா?"

அப்போதும் அவனுக்கு அந்தக் கவலை. "கோவிச்சுக்கட்டும். நீ போ," என்றேன்.

சனிக்கிழமை மில்பிடாஸில் பள்ளிக்கூட அரங்கம் நிரம்பி வழிந்தது. பட்டும் ஜரிகையுமாகக் கூட்டம். மேடைக்குப் பின்னால் என் கணவர் ஒட்டுத் தாடியோடு செல்போனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஒருவரும் எடுக்கவில்லை. அபார்ட்மெண்டுக்கு ஆள் அனுப்பினார். அங்கே பாய்கூட இல்லை என்று செய்தி வந்தது. என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை, விளக்கு வேலை இருக்கிறது என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. என்னிடம் பதில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றினால்தானே.

ஜாரின் தளபதிகளிடம் போய்க் கெஞ்சினார். குல்லாயை மாற்றிக்கொண்டு தொழிலாளியாக வாருங்கள் என்றார். அவர்கள் மார்பில் மெடல் குத்தியிருந்தார்கள். வாடகை மெடல். "தளபதியா ஃபோட்டோ எடுத்தாச்சு மயில். இப்ப போய் தொழிலாளியா எப்படி வர்றது?" என்று மறுத்துவிட்டார்கள்.

நாடகம் ஆரம்பித்தது. ரொட்டிக்கு வரிசையில் நிற்கும் ஏழைப் பெண்களாக மூன்று பேர் காஞ்சிபுரம் புடவையில் வந்தார்கள். அதை மாற்ற அவர்கள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. முடி துறக்கும் காட்சியில் கோபாலசாமி தன் வசனத்தைப் பேசி முடித்தும் இறங்கவில்லை. தானாகவே நாட்டுப்பற்றுப் பற்றி ஒரு சொற்பொழிவு சேர்த்துக்கொண்டார். ராஜலக்ஷ்மி இழுத்துக்கொண்டு போயிராவிட்டால் ரஷ்யாவில் மன்னராட்சி இன்றைக்கும் இருந்திருக்கும்.

பிறகு புரட்சி. மேடையில் என் கணவர் ஒருவர்தான் இருந்தார். நல்லவேளையாகக் கோஷங்களை முன்கூட்டியே கராஜில் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். "ஆட்சி மக்களுக்கே, நிலம் உழுபவனுக்கே" என்று ஸ்பீக்கரில் குரல்கள் முழங்கின. எல்லாவற்றுக்கும் மேலாக இனியன் குரல் கேட்டது. அந்த நேரத்தில் அவன் அரிசோனா பாலைவனத்தில் எங்கேயோ வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். குரல்களின் நடுவில் தலைவர் தனியாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு குளிர்கால அரண்மனைக்குள் போனார். தனியாக வெளியே வந்தார். காலி மேடையைப் பார்த்து, "தோழர்களே, வென்றுவிட்டோம்," என்றார். நான் சிவப்பு விளக்கைப் போட்டேன்.

சபை எழுந்து நின்று கைதட்டியது. மக்களைக் காட்டாமலே புரட்சியைக் காட்டிவிட்டார், மாடர்ன் ட்ராமா என்றால் இதுதான் என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் மகள் தென்றல், "பட் தெர் வாஸ் நோபடி தேர், மா," என்றாள். பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது அத்தனை டைரக்டர்களுக்கும் தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். நன்றியுரை என்று மைக்கைப் பிடித்தார் கணவர். எல்லாருக்கும் நன்றி சொன்னார். விளக்குக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லவில்லை, அது வழக்கம்தான். பிறகு குரலை இறக்கினார்.

"ஒரு வருத்தமான விஷயம். இந்த நாடகத்துல மக்களா நடிக்க ஒத்துக்கிட்டவங்க கடைசி நேரத்துல சொல்லாமக் கொள்ளாம ஓடிப் போயிட்டாங்க. இவங்கள அமெரிக்காவுக்குக் கூட்டிட்டு வந்து சோறு போட்டவன் நான். இது நாடகத்துக்குப் பண்ணின துரோகம் மட்டும் இல்ல. இங்க ஆள் எடுக்கற எடத்துல இருக்கறவங்க நெறய பேர் இருக்கீங்க. டெக்சாஸ்ல, நியூ ஜெர்சில உங்களுக்கு ஃபிரெண்ட்ஸ் இருக்காங்க. பேர வாசிக்கறேன், தயவு செஞ்சு குறிச்சுக்குங்க."

விழா நோட்டீஸை விரித்தார். அதில் மக்கள் என்ற தலைப்பின் கீழ் அவர்கள் பெயரெல்லாம் அச்சாகியிருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்தார்கள். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே ஒரு பெயர் சொன்னால் இரவு முடிவதற்குள் ஆஸ்டினுக்குப் போன் போய்விடும். இனியனின் விசா மாற்றம் நேற்றுத்தான் ஃபைல் ஆகியிருக்கிறது. எதற்கு வம்பு என்று அந்தக் கம்பெனி ஒரு வரி எழுதி மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டால் அவன் கதை முடிந்தது. வான்மதி பேசிப் பழகிய ஆங்கிலத்தைத் தாராபுரத்திலேயே பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை தானே துரத்தவிருந்தவர்களைச் சனிக்கிழமை ஓடிவிட்டார்கள் என்று திட்டுகிற வாய் அது. அந்த வாய்தான் என் அப்பா முன்னால் உறுதிமொழி எடுத்தது.

"முதல் பேரு," என்று அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

நான் முதலில் விளக்குப் பலகையிலேயே இருந்த மைக் சுவிட்சை அணைத்தேன். அவர் வாய் மட்டும் அசைந்தது. பிறகு மேடை விளக்கு, கூடத்து விளக்கு எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தேன்.

"பவர் போயிடுச்சு," என்று யாரோ சொன்னார்கள். கலிபோர்னியாவில் அந்த வருஷம் மின்சாரம் போவது புதிதில்லை. "ரோலிங் பிளாக் அவுட்," என்று இன்னொருவர் விளக்கினார். அரங்கத்துக் காவல்காரர் டார்ச்சோடு வாசலில் வந்து நின்றார். நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் என்னிடம் முன்பே வந்து கேட்டிருந்தார்.

நான் இருட்டில் மேடையின் முன்னால் வந்து நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சபையைப் பார்த்துச் சத்தம் போட்டுப் பேசினேன்.

"எல்லாரும் கூடத்தக் காலி பண்ணுங்க. காவலர்களுக்குக் களைப்பா இருக்குதாம்."

அந்த வாசகம் என்னவென்று அங்கே ஒருவருக்குத்தான் தெரியும். அதை எழுதி வெட்டியவர் அவர்தான். உலகத்தில் அந்த வாசகத்தால் ஒரு நல்ல காரியம் நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

"நாகு," என்றார் இருட்டில். குரலில் தலைவர் இல்லை. "லைட்டப் போடு."

"பேரு வாசிக்கப் போறீங்களா?"

அவர் செத்த மைக்கை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"வாசிக்கறதா இருந்தா என் பேரையும் சேத்து வாசிங்க. அவங்களப் போகச் சொன்னது நான்தான். திங்கக்கிழம நீங்க என்ன பண்ண இருந்தீங்கன்னும் நானே எல்லாருக்கும் சொல்றேன்."

அவர் கையில் நோட்டீஸ் மடங்கும் சத்தம் கேட்டது. தாடியின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கீழே நாற்காலிகள் நகர்ந்தன. கோபாலசாமி கிரீடத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கார் சாவியைத் தேடினார். பேனா எடுத்தவர்கள் அதைத் திரும்பப் பையில் செருகிவிட்டுத் தங்கள் குழந்தைகளைக் கூப்பிட்டார்கள். டார்ச் காட்டிய வழியில் ஜனங்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். அந்த நாடகத்தில் மக்கள் செய்த ஒரே காரியம் அதுதான்.